சொடுக்குவதற்கு முன்: சுட்டியின் மேல்நிறுத்தல் நிகழ்வுகள்



கணினி அறையில் முதன்முறையாக அமரும் மாணவர்கள் பலர், சுட்டியைக் கையிற் பிடித்தபடி அசையாமல் இருப்பதைக் கண்டிருக்கிறேன். "சேர், இதை அழுத்தினால் ஏதும் அழிஞ்சு போகுமோ?" என்பதே அவர்களின் முதற் கேள்வியாக இருக்கும். கலைப் பட்டதாரியாகிய நான் கணினியின் முன் முதலில் அமர்ந்தபோதும் இதே பயம் எனக்கு இருந்தது. அத்தகைய மாணவருக்கு நான் கூறும் விடை ஒன்றுதான்: "அழுத்த வேண்டாம். அதன்மேல் கொண்டுபோய் வைத்துக்கொண்டு கொஞ்சம் பொறும்."

அவ்வாறு பொறுத்தால் சிறிய பெட்டி ஒன்று தோன்றி, அந்தப் படவுரு என்ன வேலையைச் செய்யும் என்று அறிவிக்கும். எதுவும் அழியவில்லை, எதுவும் மாறவில்லை. ஆனால் தெரியாத ஒன்று தெரிந்துவிட்டது. இந்தச் சிறு உதவி எவ்வாறு நிகழ்கிறது, அதனை ஒரு செய்நிரலில் எவ்வாறு எழுதுவது என்பவற்றை இப்பகுதியில் நோக்குவோம்.

இதே தலைப்பில் பரீட்சையில் வினா வராமலிருக்கலாம். எனினும் மாறி, தெரிவுக் கட்டமைப்பு, தர்க்கக் கூற்று, செய்நிரலின் தடங்காணல் ஆகிய நான்கும் இதனுள் அடங்கியுள்ளன. அவை கட்டாயம் உங்களுக்கு வேண்டியவை.

1. நிகழ்வு என்றால் என்ன?

பஸ்கால் போன்ற மொழியில் நீங்கள் எழுதும் சிறு செய்நிரல்கள் மேலிருந்து கீழாக, ஒழுங்குமுறையாக இயங்கி முடிவடையும். அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதைச் செய்நிரலே தீர்மானிக்கும்.

வரைவியல் பயனர் இடைமுகம் கொண்ட செய்நிரல் அவ்வாறன்று. அது சாளரத்தைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்கும். பயனர் சுட்டியை நகர்த்தலாம், பொத்தானை அழுத்தலாம், விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டலாம். இவ்வாறு பயனராலோ கணினியாலோ ஏற்படுத்தப்பட்டு, செய்நிரலுக்கு அறிவிக்கப்படும் ஒவ்வொன்றும் நிகழ்வு எனப்படும். அந்நிகழ்வு ஏற்பட்டதும் இயங்குமாறு நாம் எழுதிவைக்கும் செய்நிரற் பகுதி நிகழ்வுக் கையாளி எனப்படும்.

நிகழ்வுகள் பணிசெயல் முறைமையால் ஒரு வரிசையில் இடப்படும். செய்நிரல் அவ்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து உரிய கையாளியை இயக்கும். ஒரு கையாளி முடிந்த பின்னரே அடுத்த நிகழ்வு எடுக்கப்படும். இதனை நினைவில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

2. சுட்டி வந்த வழி

ஐக்கிய அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவரின் எண்ணத்தில் உருவான முதற் சுட்டி 1964 இல் மரப் பெட்டி ஒன்றினுள் செய்யப்பட்டது. அவர் அதனை 1968 டிசம்பர் 9 ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். சாளரங்களும் சுட்டியும் கொண்ட ஆல்ட்டோ என்னும் கணினியை செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுநிலையம் 1973 இல் உருவாக்கியது. 1984 இல் வெளிவந்த அப்பிள் மக்கின்டொஷ் இம்முறையைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது.

1991 இல் மக்கின்டொஷ் கணினிக்கு வந்த ஏழாவது முறைமையில் 'பலூன் உதவி' என்னும் வசதி இருந்தது. அதனை இயக்கிவிட்டுக் காட்டியை ஒரு பொருளின்மேல் கொண்டு சென்றால், சித்திரக் கதைகளில் வருவது போன்ற பலூன் ஒன்று தோன்றி அப்பொருளை விளக்கியது. இன்று நாம் காணும் குறிப்புப் பெட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது.

(கவனிக்க: இக்கட்டுரையில் கையாற் பிடிக்கும் சாதனத்தைச் 'சுட்டி' என்றும், திரையில் நகரும் அம்புக்குறியைக் 'காட்டி' என்றும் குறிப்பிடுகிறோம்.)

3. நான்கு நிகழ்வுகள்

காட்டி ஒரு பொருளின்மேல் வருவது ஒரே செயல் போலத் தோன்றினாலும், செய்நிரலாளருக்கு அது நான்கு வெவ்வேறு நிகழ்வுகளாகும்.

அ. நுழைவு – காட்டி வெளியிலிருந்து பொருளின் எல்லைக்குள் வருதல். ஒருமுறை மட்டும் எழும்.
ஆ. நகர்வு – எல்லைக்குள் காட்டி இடம் மாறுதல். பலமுறை எழும்.
இ. மேல்நிறுத்தல் – எல்லைக்குள் வந்த காட்டி, பொத்தான் அழுத்தப்படாமல், குறித்த நேரம் ஏறத்தாழ அசையாது நிற்றல்.
ஈ. வெளியேற்றம் – காட்டி எல்லையை விட்டு அகலுதல். ஒருமுறை மட்டும் எழும்.

மேல்நிறுத்தலுக்கு விண்டோஸ் முறைமையில் வழமையாக வைக்கப்பட்டுள்ள நேரம் 400 மில்லிசெக்கன், அதாவது 0.4 செக்கன் ஆகும். அந்நேரத்தில் காட்டி அகலம் 4, உயரம் 4 பிக்சல் கொண்ட சிறு சதுரத்தினுள் இருந்தால் போதும். முற்றாக அசையாதிருக்க மனிதக் கையால் இயலாது என்பதனாலேயே இச்சலுகை.

நுழைவுக்கும் மேல்நிறுத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வர். எமது ஊர்ச் சந்தியை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தினூடாக வேலணைக்குச் செல்லும் பஸ், மண்டைதீவுச் சந்தியைக் கடந்தே அல்லைப்பிட்டிக்குள் போகும். பஸ்ஸில் இருக்கும் எல்லாரும் சந்திக்கு வருகிறார்கள்; ஆனால் எல்லாரும் மண்டைதீவுக்கு வந்தவர்கள் அல்லர். இறங்கி நிற்பவரையே "யாரிட்ட வந்தனீங்கள்?" என்று கேட்போம். கடந்து போகிறவர் நுழைவு. இறங்கி நிற்பவர் மேல்நிறுத்தல். நுழைந்தவுடனேயே குறிப்புப் பெட்டியைக் காட்டினால், வேறெங்கோ போகும் காட்டி கடந்த பொருள்கள் யாவும் பெட்டிகளைத் திறந்து திரையை நிறைத்துவிடும். 0.4 செக்கன் காத்திருப்பதன் காரணம் இதுவே.

4. மொழிக்கு மொழி வேறுபாடு

எல்லா மொழிகளும் இந்நான்கையும் தருவதில்லை.

1998 இல் வெளிவந்த விசுவல் பேசிக் 6 இன் சாதாரண பொருள்களுக்கு நகர்வு நிகழ்வு இருந்தது. நுழைவும் வெளியேற்றமும் இருக்கவில்லை. செய்நிரலாளர்கள் நகர்வை வைத்தே அவற்றைக் கணித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2002 இல் வந்த டொட் நெட் விண்டோஸ் போம்ஸ் நான்கையும் தந்தது. பஸ்கால் மொழியை அடிப்படையாகக் கொண்ட லசாரஸ் மென்பொருளில் நுழைவு, நகர்வு, வெளியேற்றம் ஆகியவை உள்ளன. குறிப்புப் பெட்டிக்கு 'ஹின்ட்' என்னும் இயல்பில் வாசகத்தை எழுதி, 'ஷோ ஹின்ட்' என்பதை உண்மை என ஆக்கினால் போதும்.

பைதன் மொழியின் டிகின்டரில் நுழைவு 'என்டர்' என்றும் வெளியேற்றம் 'லீவ்' என்றும் நகர்வு 'மோஷன்' என்றும் பெயர் பெறும். இங்கு 'என்டர்' என்பது விசைப்பலகையின் என்டர் விசை அன்று. அவ்விசைக்கு டிகின்டர் இட்ட பெயர் 'ரிட்டேர்ன்'. பலர் தவறும் இடம் இது. மேலும் டிகின்டரில் மேல்நிறுத்தல் என்று தனி நிகழ்வு இல்லை. நுழைவில் ஒரு நேரங்காட்டியைத் தொடக்கி, வெளியேற்றத்தில் அதனை நிறுத்தி நாமே அதனை ஆக்கிக்கொள்ள வேண்டும்.

5. காட்டி உள்ளே இருக்கிறதா?

தீவுப்பகுதியின் வரைபடம் ஒன்றைத் திரையில் இடுவோம். மண்டைதீவு, வேலணை, காரைநகர், எழுவைதீவு, அனலைதீவு, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகியன அதில் உள்ளன. காட்டியை ஒரு தீவின்மேல் கொண்டு சென்றால் அத்தீவு மஞ்சள் நிறமாக வேண்டும். அகன்றால் பழைய நிறத்துக்கு மீள வேண்டும்.

சாளரத்தின் அகலம் 700 பிக்சல், உயரம் 500 பிக்சல் எனக் கொள்வோம். யாழ்ப்பாண நகருக்கு மிக அண்மையில், கிழக்கே இருப்பதால் மண்டைதீவு எமது படத்தின் வலது ஓரத்தில் அமையும். அதனைச் சூழ ஒரு செவ்வகம்: கிடை 630 முதல் 690 வரை, குத்து 210 முதல் 260 வரை.

கணித பாடத்தில் குத்து அச்சு மேல்நோக்கி அதிகரிக்கும். திரையில் உற்பத்தி இடது மேல் மூலையில் இருப்பதால், குத்துப் பெறுமானம் கீழ்நோக்கியே அதிகரிக்கும். இதை மறந்தால் தீவு தலைகீழாகும்.

விசுவல் பேசிக் 6 போல நகர்வு மட்டுமே கிடைக்கிறது எனக் கொண்டு எழுதிய போலிக்குறிமுறை பின்வருமாறு:

முன்பு_உள்ளே ← பொய்
ஒவ்வொரு நகர்வு நிகழ்வுக்கும்
– இப்போது_உள்ளே ← (கிடை ≥ 630) மற்றும் (கிடை < 690) மற்றும் (குத்து ≥ 210) மற்றும் (குத்து < 260)
– இப்போது_உள்ளே = உண்மை மற்றும் முன்பு_உள்ளே = பொய் எனின், தீவின் நிறம் ← மஞ்சள்
– இல்லையெனில், இப்போது_உள்ளே = பொய் மற்றும் முன்பு_உள்ளே = உண்மை எனின், தீவின் நிறம் ← பச்சை
– முன்பு_உள்ளே ← இப்போது_உள்ளே

இங்கு 'மற்றும்' என்பது தர்க்கப் படலைகளிற் படித்த 'அன்ட்' செயலாகும். நான்கு நிபந்தனைகளும் உண்மையாயின் மட்டுமே காட்டி உள்ளே உள்ளது. ஒன்றேனும் பொய்யாயின் வெளியே உள்ளது.

6. தடங்காணல்

காட்டியின் ஐந்து வாசிப்புகளுக்கு மேற்படி செய்நிரலைத் தடங்காண்போம்.

வாசிப்பு 1: (600, 230) – முன்பு பொய், இப்போது பொய் – செயல் இல்லை
வாசிப்பு 2: (640, 230) – முன்பு பொய், இப்போது உண்மை – நுழைவு, மஞ்சள்
வாசிப்பு 3: (660, 240) – முன்பு உண்மை, இப்போது உண்மை – செயல் இல்லை
வாசிப்பு 4: (694, 240) – முன்பு உண்மை, இப்போது பொய் – வெளியேற்றம், பச்சை
வாசிப்பு 5: (697, 245) – முன்பு பொய், இப்போது பொய் – செயல் இல்லை

ஐந்து நகர்வுகள், ஒரு நுழைவு, ஒரு வெளியேற்றம். மாறி ஒன்றில் பழைய நிலையை நினைவில் வைத்ததனாலேயே இது இயன்றது. கணினிக்குத் தானாக நினைவு கிடையாது. நாம் சேமித்து வைப்பதே அதன் நினைவு.

7. வழமையாக நேரும் தவறுகள்

முதலாவது தவறு: வெளியேற்றத்தை மறத்தல்.

இத்தகைய வரைபடம் ஒன்றை வகுப்புக்காக நான் முதன்முதலில் எழுதியபோது, ஏனைய தீவுகள் யாவும் ஒழுங்காக நிறம் மாறி மீண்டன. மண்டைதீவு மட்டும் சிலவேளைகளில் மஞ்சளாகவே நின்றது. "சேர், எங்கட ஊரில மட்டும் லைற் நூக்க ஆளில்லை" என்று பின்வாங்கிலிருந்து ஒருவர் கூற வகுப்பே சிரித்தது. தவறைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவுகள் பிடித்தன.

காரணம் எளியது. மண்டைதீவு சாளரத்தின் ஓரத்தில் இருந்தது. காட்டி (660, 240) இல் இருந்து விரைவாக வலப்புறம் சென்றால், அடுத்த வாசிப்பு சாளரத்துக்கு வெளியே விழும். சாளரத்துக்கு வெளியே நடக்கும் நகர்வு எமது செய்நிரலுக்கு அறிவிக்கப்படுவதில்லை. ஆகவே 'இப்போது_உள்ளே = பொய்' என்னும் நிலை வரவே இல்லை. நடுவில் இருந்த தீவுகளைச் சுற்றிக் கடல் இருந்தது. அங்கே இன்னொரு வாசிப்புக் கிடைத்தது. ஓரத்துத் தீவுக்கு அது கிடைக்கவில்லை. சாளரத்தின் வெளியேற்ற நிகழ்வுக்கும் ஒரு கையாளி எழுதி, அதில் எல்லாத் தீவுகளையும் பச்சை ஆக்கிய பின்னரே தவறு நீங்கியது. நுழைவுக்கு ஒரு வரி எழுதினால், வெளியேற்றத்துக்கு உரிய வரியை உடனேயே எழுதிவிடுங்கள்.

இரண்டாவது தவறு: காட்டி எல்லாப் புள்ளிகளையும் தொடும் என எண்ணுதல்.

சாதாரண யூஎஸ்பி சுட்டி வழமையாகச் செக்கனுக்கு 125 தடவை, அதாவது 8 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை தன் அசைவை அறிவிக்கும். ஒருவர் 700 பிக்சல் தூரத்தை 0.08 செக்கனில் வீசிக் கடந்தால், அந்நேரத்தில் 10 வாசிப்புகளே கிடைக்கும். இரண்டு வாசிப்புகளுக்கு இடையே 70 பிக்சல். எமது மண்டைதீவின் அகலமோ 60 பிக்சல். எனவே காட்டி தீவைத் தாண்டிப் பாய்ந்துவிடலாம். நுழைவும் இல்லை, வெளியேற்றமும் இல்லை. 'நுழைவு கட்டாயம் நிகழ்ந்திருக்கும்' என்று நம்பிச் செய்நிரல் எழுதக்கூடாது.

மூன்றாவது தவறு: நகர்வுக் கையாளியில் பெரிய வேலை வைத்தல்.

ஒரு கையாளி முடிந்த பின்னரே அடுத்த நிகழ்வு எடுக்கப்படும் என்று மேலே கூறினோம். நகர்வு வரும் ஒவ்வொரு தடவையும் வட்டிலிருந்து ஒரு படத்தைத் திறந்தால், சாளரம் உறைந்தது போல நின்றுவிடும். படங்களை ஆரம்பத்திலேயே நினைவகத்தில் ஏற்றிவிட வேண்டும்.

நான்காவது தவறு: குறிப்புப் பெட்டியைக் காட்டிக்கு நேர் கீழே வைத்தல்.

பெட்டி தோன்றியதும் காட்டி தீவின்மேல் அன்றிப் பெட்டியின்மேல் உள்ளதாகிவிடும். எனவே தீவுக்கு வெளியேற்றம் எழும், பெட்டி மறையும், காட்டி மீண்டும் தீவின்மேல், மீண்டும் நுழைவு, மீண்டும் பெட்டி. திரை மினுங்கிக்கொண்டே இருக்கும். பெட்டியைக் காட்டியிலிருந்து சில பிக்சல் தள்ளி வைத்தால் இது நேராது.

ஐந்தாவது தவறு: எல்லாவற்றையும் செவ்வகம் எனக் கொள்ளுதல்.

வேலணைத் தீவு நீண்டு வளைந்தது. அதனைச் சூழச் செவ்வகம் வரைந்தால் கடலும் அயல் தீவின் ஒரு பகுதியும் உள்ளே வந்துவிடும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. அதே அளவில் மறைவாக இன்னொரு வரைபடத்தை நினைவகத்தில் வைத்து, அதில் ஒவ்வொரு தீவுக்கும் ஒவ்வொரு நிறத்தைப் பூசுங்கள். காட்டி இருக்கும் புள்ளியின் நிறத்தை மறைவான படத்தில் வாசித்தால், எந்தத் தீவு என்பது உடனே தெரியும். கடலுக்கும் ஒரு நிறம் இருக்கட்டும்.

8. எங்கு பயன்படுத்தலாம், எங்கு கூடாது?

காட்டியைக் கொண்டுபோய் வைப்பவர் இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை. பார்க்கிறார், யோசிக்கிறார். எனவே மேல்நிறுத்தலில் அறிவிக்கலாம், நிறம் மாற்றலாம், விளக்கலாம். அழித்தல், அனுப்புதல், பணம் செலுத்துதல் போன்ற மீளப்பெற முடியாத செயல்களை ஒருபோதும் அதில் வைக்கக்கூடாது. அவை சொடுக்குதலுக்கு உரியவை, அப்போதும் 'உறுதியா?' என்று ஒருமுறை கேட்க வேண்டும்.

மறுபுறமாக, அவசியமான தகவலை மேல்நிறுத்தலில் மட்டும் ஒளித்துவைக்கவும் கூடாது. கைத்தொலைபேசியின் தொடுதிரையில் விரல் திரையைத் தொட்டால் அது ஏற்கனவே அழுத்தம்தான். மேலே நிறுத்துதல் என்பது அங்கு இல்லை. கை நடுக்கம் உள்ளவரால் காட்டியை ஓரிடத்தில் நிறுத்த முடியாது. பார்வைக் குறைபாடு உள்ள பலர் விசைப்பலகையின் 'டாப்' விசையாலேயே பொருளுக்குப் பொருள் செல்வர். அவர்களுக்காக, பொருள் தெரிவுசெய்யப்படும் போதும் அதே குறிப்புத் தோன்றுமாறு எழுத வேண்டும். 2018 இல் வெளியான இணைய உள்ளடக்க அணுகுதன்மை வழிகாட்டி 2.1, மேல்நிறுத்தலில் தோன்றும் தகவலைப் பயனர் மறைக்கக்கூடியதாகவும், வாசித்து முடியும்வரை அது மறையாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. இணையப் பக்கங்களுக்காக எழுதப்பட்ட இவ்விதி எமது சாளரங்களுக்கும் பொருந்தும்.

9. மாதிரி வினாக்களும் விடைகளும்

வினா 1: நிகழ்வு, நிகழ்வுக் கையாளி ஆகியவற்றை வேறுபடுத்துக.
விடை: பயனராலோ கணினியாலோ ஏற்படுத்தப்பட்டுச் செய்நிரலுக்கு அறிவிக்கப்படுவது நிகழ்வு. அது ஏற்படும்போது இயங்கும் செய்நிரற் பகுதி நிகழ்வுக் கையாளி.

வினா 2: பகுதி 5 இலுள்ள போலிக்குறிமுறையின் இறுதி வரி விடுபட்டால் யாது நிகழும்?
விடை: முன்பு_உள்ளே எப்போதும் பொய்யாகவே இருக்கும். எனவே தீவினுள் வரும் ஒவ்வொரு நகர்வும் நுழைவாகக் கொள்ளப்படும். வெளியேற்ற நிபந்தனை ஒருபோதும் உண்மையாகாது. தீவு மஞ்சளாகவே நிற்கும்.

வினா 3: (630, 260) என்னும் புள்ளி செவ்வகத்தினுள் உள்ளதா?
விடை: இல்லை. குத்து < 260 என்னும் நிபந்தனை பொய்யாகும். ஏனைய மூன்றும் உண்மையாயினும் விளைவு பொய்யே.

வினா 4: குறிப்புப் பெட்டியை நுழைவில் அன்றி மேல்நிறுத்தலில் காட்டுவது ஏன்?
விடை: கடந்து செல்லும் காட்டிக்குப் பெட்டி தோன்றாது, நின்று நோக்கும் பயனருக்கு மட்டும் தோன்றுவதற்காக.

10. வீட்டுப் பயிற்சி

வீட்டில் கணினி இல்லையே என்று இப்பயிற்சியை விட்டுவிடாதீர்கள். கணக்குக் கொப்பியின் சதுரத் தாளை எடுங்கள். ஒரு சதுரம் 10 பிக்சல் எனக் கொண்டு, மண்டைதீவின் செவ்வகத்தையும் சாளரத்தின் வலது ஓரத்தையும் வரையுங்கள். ஒரு நாணயமே உங்கள் காட்டி. அதனை ஐந்து இடங்களில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் முன்பு_உள்ளே, இப்போது_உள்ளே ஆகியவற்றின் பெறுமானங்களை எழுதுங்கள். பின்னர் நாணயத்தைத் தீவிலிருந்து ஒரே தடவையில் தாளுக்கு வெளியே எடுத்து வையுங்கள். இப்போது தீவின் நிறம் என்ன, அதை யார் மாற்ற வேண்டும் என்று உங்களையே கேளுங்கள். எனக்கு இரண்டு இரவுகள் பிடித்த அந்தத் தவறை நீங்கள் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள்.